கப்பலின் விலாவில் ஒரு கோடு

இராயபுரத்தில் எங்கள் தெருவைச் சேர்ந்த இளைஞன் ஒருவன், கப்பலின் இளநிலை அதிகாரியாவதற்கான செகண்ட் மேட் தேர்வின் வாய்மொழிப் பகுதிக்கு ஆயத்தமாவதற்காகக் கடந்த இரண்டு மாதங்களாக மாலை வேளைகளில் என் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறான். கப்பல் வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்று ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அவன் தந்தை காசிமேட்டில் விசைப்படகு வைத்திருப்பவர். பள்ளிக்கூட நாள் முதல் எனக்கு நண்பர். கப்பல் எவ்வளவு ஆழம் அமிழலாம் என்று அதன் விலாவில் காட்டும் சுமைக்கோட்டைப் பற்றியும், பதிவுச் சான்றைப் பற்றியும், இரவில் எரிய வேண்டிய விளக்குகளைப் பற்றியும், எந்தக் கப்பல் எந்தக் கப்பலுக்கு வழிவிட வேண்டும் என்பதைப் பற்றியும் நான் கேட்பதும் அவன் சொல்வதுமாக நாட்கள் சென்றுகொண்டிருந்தபோது, ஒருநாள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அவன் கேட்டான்: "இதெல்லாம் வெள்ளைக்காரன் போட்ட சட்டம்தானே சார்? நம்மளக் கீழயே வெச்சிருக்கப் போட்டது. அத நாம ஏன் இன்னும் மனப்பாடம் பண்ணிட்டிருக்கணும்?"

படிக்கச் சோம்பல்பட்டுக் கேட்ட கேள்வியாக அது எனக்குத் தோன்றவில்லை. அன்று மாலை அவனுக்கு என்னால் முழுமையாக விடை சொல்ல முடியவில்லை. இருட்டிவிட்டது, மறுநாள் பேசுவோம் என்று அனுப்பிவிட்டேன். அதன்பிறகு பல இரவுகள் இதையே எண்ணிக்கொண்டிருந்ததால் எழுதி வைக்கிறேன்.

எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் இரண்டு ஆவணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. அடியில் இருப்பது என் பாட்டனாரின் பணிப் புத்தகம். இன்று கப்பலுக்குப் போகும் பிள்ளைகள் சி.டி.சி. என்று சொல்லும், பயணங்களைப் பதியும் புத்தகத்துக்கு மூதாதை. பாட்டனார் கல்கத்தாவுக்குச் சென்று கிதர்ப்பூரில் கப்பலேறி, கலாசி எனும் கடைநிலை மாலுமியாகத் தொடங்கி, மாலுமிகளின் மேலாளான சாரங்காக உயர்ந்தவர். ஒவ்வொரு பயணத்தின் முடிவிலும் திறமைக்கு ஒன்று, நடத்தைக்கு ஒன்று என இரண்டு கட்டங்களில் 'வெரி குட்' என்ற முத்திரை விழுந்திருக்கிறது; கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் அவருடைய பெருவிரல் ரேகை. மேலே இருப்பது மாஸ்டர், அதாவது கப்பல் தலைவர், பதவிக்கான என் தகுதிச் சான்றிதழ். இரண்டும் ஒரே சட்ட மரபிலிருந்து பிறந்தவை. ஆனால் முப்பது ஆண்டுகள் கடலில் கழித்த அவருக்கு அந்த மேல் தாள் கைக்கெட்டும் பொருளாக ஒருநாளும் இருந்ததில்லை. ஆகவே அந்தப் பையனின் கேள்வி எங்கள் வீட்டில் எனக்கு முன்பே இருந்த கேள்வி.

பாட்டனாருக்கும் முந்திய தலைமுறையினர் தோணிக்காரர்கள். காக்கிநாடாவிலிருந்து நாகப்பட்டினம் வரை நெல்லும் உப்பும் ஏற்றிச் சென்ற பாய்மரத் தோணிகளில் சுக்கான் பிடித்தவர்கள். தோணியின் கொள்ளளவை அவர்கள் மூட்டைக் கணக்கில் சொன்னார்கள். எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு எங்கள் குடும்பத்தில் வழங்கிய அளவு, விளிம்புக்கும் நீருக்கும் இடையே ஒரு முழம் பலகை உலர்ந்திருக்க வேண்டும் என்பது. அனுபவத்தில் கண்ட நல்ல அளவுதான். ஆனால் சரக்குக்காரர் கரையில் நின்றுகொண்டு இன்னும் பத்து மூட்டை ஏற்று என்று சொன்னால், முடியாது என்று சொல்லும் தோணித் தலைவரான தண்டலுக்குத் துணை நிற்க எவரும் இல்லை. அடுத்த நடைக்கு வேறொரு தண்டல் கிடைப்பான். என் கொள்ளுப்பாட்டனாரின் தம்பி அப்படி ஏற்றப்பட்ட ஒரு தோணியோடு ஐப்பசி மாதத்தில் போனவர். உடல் கிடைக்கவில்லை. அந்த முழத்தை அவர் அறியாதவர் அல்லர்; அறிந்தும் சொல்ல இயலாதவராக இருந்தார் என்றுதான் என் ஆத்தா சொல்லுவார்.

இந்த இடத்திலிருந்து பார்த்தால்தான் சாமுவேல் பிளிம்சால் செய்த காரியத்தின் எடை எனக்கு விளங்குகிறது. டெர்பி தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரான அவர், மிகைச் சுமையேற்றிக் கடலுக்கு அனுப்பப்பட்ட பழங்கப்பல்களைப் பற்றி 1870களில் இங்கிலாந்தில் பெரும் கிளர்ச்சி செய்தார். கப்பல் மூழ்கினாலும் காப்பீட்டுப் பணம் உரிமையாளருக்கு வந்துவிடும், மூழ்குபவர்கள் மாலுமிகள். அந்தக் கிளர்ச்சியின் விளைவாக 1876ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டம் கப்பலின் இருபுறமும் சுமைக்கோடு வரையப்பட வேண்டும் என்று கட்டளையிட்டது. ஆயினும் அந்தக் கோட்டை எந்த உயரத்தில் வரைவது என்பதை உரிமையாளரின் விருப்பத்துக்கே விட்டது. கோட்டின் இடத்தையும் சட்டமே தீர்மானிக்கும் நிலை 1890இல்தான் வந்தது. அந்தப் பதினான்கு ஆண்டு இடைவெளியை நான் மாணவர்களிடம் அழுத்திச் சொல்வதுண்டு. உரிமையாளரே இடம் குறித்த கோடு, கோடு என்ற பெயரை மட்டும் உடையதாக இருந்தது. வேறொருவர் அளந்து, வேறொருவர் சான்றளித்து, அழிக்க முடியாதபடி பொறித்த பிறகே அது காப்பாற்றும் கோடாயிற்று. கரையிலிருந்து இன்னும் பத்து மூட்டை என்று குரல் வரும்போது, கப்பல் தலைவர் தன் சொந்தத் துணிச்சலை நம்பி மறுக்க வேண்டியதில்லை. கோட்டைக் காட்டினால் போதும்.

கப்பல் பதிவேடும் அதே வேலையைத்தான் செய்தது. 1854ஆம் ஆண்டுச் சட்டமும், அதன் பிறகு வந்தவற்றையெல்லாம் ஒன்றாகத் தொகுத்த 1894ஆம் ஆண்டுச் சட்டமும் ஒரு கப்பலை எவ்வாறு அடையாளப்படுத்த வேண்டும் என்பதை விரலளவுக்கு விரலளவு சொல்லின. அணியம் எனும் முன்பகுதியின் இருபுறமும் பெயர், அமரம் எனும் பின்பகுதியில் பெயரோடு பதிவுத் துறைமுகத்தின் பெயர், எழுத்துகள் நான்கு அங்குலத்துக்குக் குறையாமல். கப்பல் எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது என்பதைக் காட்டும் எண்கள் ஆறு அங்குல உயரம். அதிகாரபூர்வ எண்ணும் பதிவுக் கொள்ளளவும் முதன்மை உத்தரத்தில் வெட்டிப் பொறிக்கப்பட வேண்டும். நூறு கன அடி இடத்தை ஒரு டன் என்று கொள்ளும் மூர்சம் அளவுமுறையும் 1854இன் சட்டத்தில்தான் நிலைபெற்றது. கப்பலின் உடைமை 64 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. எவர் எத்தனை பங்குக்கு உரியவர் என்பது பதிவேட்டில் இருக்கும். குடியேற்ற நாடுகளில் இந்தப் பதிவேட்டைப் பெரும்பாலும் சுங்க அதிகாரி வைத்திருந்தார்; கல்கத்தா, மதராஸ், பம்பாய் ஆகிய மூன்று இடங்களுக்கு மட்டும் 1894ஆம் ஆண்டுச் சட்டம் துறைமுக அதிகாரியைப் பதிவாளராகக் குறிப்பிட்டது. இன்றும் இராஜாஜி சாலையில் ஆங்கர் கேட் கட்டடத்தில் இருக்கும் கடல்வணிகத் துறை அலுவலகத்தின் படிகளில் ஏறும்போது, சென்னைத் துறைமுகத்தின் பெயரை அமரத்தில் தாங்கிய கப்பல்களின் நீண்ட வரிசை ஒன்று என் மனத்தில் ஓடும். எங்கள் தோணிகள் அந்த வரிசையில் இல்லை. கரையோரச் சிறு கலங்களைத் தேர்வும் சான்றிதழும் தொடவில்லை. அதனால் அவற்றில் சென்றவர்களைக் காப்பும் தொடவில்லை.

கப்பலை அளந்தவர்கள் அதை ஓட்டுபவரையும் அளக்கத் தொடங்கிய கதை இன்னும் ஆழமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பிரித்தானிய வணிகக் கப்பலுக்குத் தலைவராவதற்கு உரிமையாளரின் நம்பிக்கை ஒன்றே போதுமானதாக இருந்தது. சூரியனின் உயரத்தைக் கொண்டு அகலாங்கு கணிக்கத் தெரியுமா என்று எவரும் கேட்கவில்லை. கப்பல் சேதங்களைப் பற்றி 1836இல் நாடாளுமன்றக் குழு ஒன்று விசாரித்தது. 1843இல் வெளியுறவுத் துறை தன் தூதர்களுக்கு எழுதி, வெளிநாட்டுத் துறைமுகங்களுக்கு வரும் பிரித்தானியக் கப்பல் தலைவர்களின் தகுதியையும் நடத்தையையும் பற்றிக் கருத்துக் கேட்டது. வந்த விடைகளில் குடியும் அறியாமையும் நிறைந்திருந்தன. 1845இல் விரும்பியவர் எழுதும் தேர்வு வந்தது. 1850ஆம் ஆண்டுச் சட்டம் அயல்நாட்டுப் பயணக் கப்பல்களின் தலைவர்களுக்கும் அவர்களுக்கு அடுத்த அதிகாரிகளான மேட்டுகளுக்கும் தேர்வைக் கட்டாயமாக்கியது. கப்பல் பொறியாளர்களுக்குச் சான்று கேட்கும் சட்டம் 1862இல் வந்தது.

இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு பகுதி உண்டு. சட்டம் வருவதற்கு முன்பே கப்பல் தலைவராகவோ மேட்டாகவோ பணியாற்றிக்கொண்டிருந்தவர்களை என்ன செய்வது? நரைத்த மனிதர்களை இளைஞர்களோடு உட்காரவைத்துக் கணக்குப் போடச் சொல்வது நியாயமாகாது. தேர்வே இல்லாமல் சமமாக நடத்தினால் தேர்வுக்குப் பொருளில்லை. ஆகவே அவர்களுக்குப் 'பணிச் சான்று' என்றும், தேர்வில் தேறியவர்களுக்குத் 'தகுதிச் சான்று' என்றும் இரண்டு வகை வழங்கப்பட்டன. பழையவரின் பிழைப்பு கெடவில்லை. ஆனால் தாளைப் பார்த்த மாத்திரத்தில் எவர் சோதிக்கப்பட்டவர், எவர் சோதிக்கப்படாதவர் என்பது தெரிந்துவிடும். தொடக்ககால விதிகளின்படி செகண்ட் மேட்டுக்குப் பதினேழு வயதும் நான்கு ஆண்டுக் கடற்பணியும், மாஸ்டருக்கு இருபத்தொரு வயதும் ஆறு ஆண்டுக் கடற்பணியும் வேண்டும். தாள் தேர்வோடு முடியாமல், தேர்வாளரின் முன் நின்று பாய், நங்கூரம், விளக்கு, வழிவிடும் முறை ஆகியவற்றுக்கு வாயால் விடை சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் இன்று 'ஆரல்ஸ்' என்று சொல்லி அஞ்சுவது அந்த மேசைக்கு முன் நிற்பதைத்தான்.

குடியேற்ற நாடுகளில் நடத்தப்படும் தேர்வை இலண்டன் ஏற்குமா என்ற கேள்வி அடுத்து எழுந்தது. 1869ஆம் ஆண்டின் குடியேற்றநாட்டுக் கப்பல் சட்டம் இதற்கு விடை தந்தது. ஒரு குடியேற்ற நாடு தன் தேர்வை நடத்தித் தன் சான்றிதழை வழங்கலாம். அந்தத் தேர்வு இங்கிலாந்தில் நடைபெறும் தேர்வுக்கு ஈடாகத் திறம்பட நடைபெறுகிறது என்று பிரித்தானிய அரசின் வணிக வாரியம் அரசியாருக்கு அறிக்கை தந்தால், அந்தச் சான்றிதழ் பேரரசு முழுவதும் இலண்டன் சான்றிதழுக்குச் சமமான மதிப்புடையதாகும். இந்த ஒரு விதியை நான் பலமுறை படித்திருக்கிறேன். மெல்போர்னில் தேறியவரும் ஹாங்காங்கில் தேறியவரும் லிவர்பூலில் தேறியவரும் ஒரே கப்பலின் மேல்தளத்தில் ஒருவர் காவலை மற்றவர் ஏற்றுக்கொண்டு உறங்கப் போக வேண்டுமானால், மூவரையும் ஒரே அளவுகோல் அளந்திருக்க வேண்டும் என்ற அறிவு அதில் இருக்கிறது. நள்ளிரவுக் காவலை ஒப்படைத்துவிட்டுக் கீழே இறங்கிச் சென்ற எவருக்கும் இந்த நம்பிக்கை எத்தகையது என்பது தெரியும்.

ஆனால் அந்த அளவுகோல் பாட்டனாரின் பக்கம் திரும்பும்போது குறுகிவிட்டது. இதைச் சொல்லாமல் மேற்சொன்னவற்றைப் புகழ்வது நேர்மையாகாது. 1823ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பிரித்தானிய ஆட்சிப் பரப்பில் பிறந்திருந்தாலும் லஸ்கர்கள் எனப்பட்ட ஆசிய மாலுமிகளைக் கடல்வணிகச் சட்டங்களின் நோக்கத்துக்குப் பிரித்தானிய மாலுமிகளாகக் கருதக்கூடாது என்றது. 1894ஆம் ஆண்டுச் சட்டம் கப்பலில் மாலுமி ஒருவர் தங்குவதற்கு 72 கன அடி இடம் வேண்டும் என்றது. 1906இல் அது 120 கன அடியாக உயர்த்தப்பட்டபோது, அந்த உயர்வு லஸ்கர்களுக்குப் பொருந்தாது என்று சட்டமே விலக்கியது. 120 கன அடி என்பது ஆறடி நீளமும் நாலடி அகலமும் ஐந்தடி உயரமும் உள்ள இடம். அதுவே ஒரு மனிதருக்குப் பெரிய இடம் அன்று. ஒரே கப்பல், ஒரே கடல், ஒரே அலை, ஒரே புழுக்கம். உறங்குபவரின் ஊரைப் பார்த்து இடம் சுருங்கியது. கப்பலின் கொள்ளளவைக் கன அடிக்குக் கன அடி அளந்து உத்தரத்தில் வெட்டிப் பொறிக்கத் தெரிந்தவர்கள் இதை அளக்கத் தவறிவிட்டார்கள் என்று நான் நம்ப மாட்டேன். அளந்துதான் வைத்தார்கள். பாட்டனார் தம் படுக்கையைப் பற்றி அதிகம் பேசியதில்லை. வீட்டில் விசாலமான திண்ணை இருந்தும் சுவரோரம் முழங்காலை மடக்கிக்கொண்டுதான் கடைசிவரை உறங்கினார்.

அதிகாரி ஆவதற்கான வழியும் இப்படித்தான். இந்தியர் தேர்வு எழுதக்கூடாது என்று சான்றிதழ் விதிகள் சொல்லவில்லை. ஆனால் தேர்வுக்கு முன் பயிலுநராகக் கழிக்க வேண்டிய கடற்பணி ஆண்டுகளை எந்தக் கப்பலில் கழிப்பது? பிரித்தானியக் கம்பெனிகளின் கப்பல்கள் இந்திய இளைஞர்களைக் கலாசிகளாக ஏற்றிக்கொண்டன, பயிலுநர்களாக ஏற்றவில்லை. வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது கப்பல்களை மட்டும் அல்ல, இத்தகைய வாய்ப்பையும் நம் கைக்குக் கொண்டுவர முயன்றார் என்றே நான் எண்ணுகிறேன். 1911இல் அந்தக் கம்பெனி கலைக்கப்பட்டது. இந்திய இளைஞர்களை அதிகாரிகளாகப் பயிற்றுவிக்கும் டஃபரின் பயிற்சிக் கப்பல் பம்பாயில் தொடங்கப்பட்டது 1927இல். அதற்குள் பாட்டனாருக்குத் திருமணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள். விடுதலைக்குப் பிறகு 1958ஆம் ஆண்டின் நம் வணிகக் கப்பல் சட்டம் பதிவேட்டையும் தேர்வையும் நம் சொந்தப் பொறுப்பில் கொண்டுவந்தது. 64 பங்குகள் பத்துப் பங்குகளாயின. 2025இல் அதற்கும் மாற்றாகப் புதிய சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

1869இன் அந்த ஏற்பாடு வேறு உருவில் இன்றும் இருக்கிறது. என் கடைசிக் கப்பல் ஹாங்காங் பதிவேட்டைச் சேர்ந்தது. அந்தத் துறைமுகம் பிரித்தானியப் பதிவேட்டிலிருந்து பிரிந்து தனக்கெனப் பதிவேட்டைத் தொடங்கியது 1990 டிசம்பரில். இந்தியச் சான்றிதழை வைத்திருந்த நான் அந்தக் கொடியின் கீழ்ப் பணியாற்ற, அந்தப் பதிவகம் என் சான்றிதழை ஆராய்ந்து தன் ஒப்புதலை வழங்க வேண்டியிருந்தது. எஸ்.டி.சி.டபிள்யூ. என்று நாங்கள் சொல்லும் 1978ஆம் ஆண்டுப் பன்னாட்டு உடன்படிக்கை, கடலோடிகளின் பயிற்சிக்கும் சான்றிதழுக்கும் உலகம் முழுவதற்கும் பொதுவான குறைந்தபட்ச அளவை வகுத்தது. ஒரு நாட்டின் சான்றிதழை மற்றொரு நாடு ஏற்பதற்கான நடைமுறையையும் வகுத்தது. மேலிருந்து ஒரு தலைநகரம் ஒப்புதல் தருவது என்ற நிலை போய், நாடுகள் ஒன்றையொன்று ஆராய்ந்து ஏற்கின்றன. பாட்டனாரின் பேரன் பெருவிரல் ரேகை வைக்காமல் கையெழுத்திட்டுக் கப்பலின் தலைமையை ஏற்றது இந்த ஏற்பாட்டின் வழியாகத்தான்.

இந்த அளவுகோல் கடுமையானது என்பதை அறியாமல் நான் இதைச் சொல்லவில்லை. என் முதல் வாய்மொழித் தேர்வில் நான் தேறவில்லை. மூடுபனியில் செல்கிறாய், உன் அணியத்துக்கு முன்னால் எங்கோ ஒரு கப்பலின் சங்கு கேட்கிறது, கப்பல் கண்ணுக்குத் தெரியவில்லை, என்ன செய்வாய் என்று தேர்வாளரான சர்வேயர் கேட்டார். வலப்புறம் திருப்புவேன் என்றேன். அவர் தாளை மூடிவிட்டார். இருக்கும் இடம் தெரியாத கப்பலுக்காகத் திரும்பினால் அதன்மேலேயே சென்று மோத நேரிடலாம். திசை மாறாமல் நிற்கப் போதுமான மிகக் குறைந்த வேகத்துக்கு இறங்க வேண்டும், தேவையானால் ஓட்டத்தை முழுவதுமாக நிறுத்த வேண்டும். அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவர்மேல் எனக்கு மிகுந்த சினம் இருந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு வடகடலில், பத்தடி தூரம் தெரியாத ஒரு விடியற்காலையில், இயந்திரத்தை நிறுத்தச் சொன்ன என் குரலை நானே கேட்டபோது அந்தச் சினம் முழுவதுமாக நீங்கியது.

என்னோடு படித்த காலடிப்பேட்டை நண்பன் ஒருவனின் கதை இதைவிட வருத்தமானது. கணக்கில் எங்கள் எல்லோரையும் விடக் கூர்மையானவன். கண் சோதனையில், இருட்டறையில் காட்டப்படும் சிறு விளக்குகளில் சிவப்புக்கும் பச்சைக்கும் அவனால் வேறுபாடு சொல்ல முடியவில்லை. அதுவரை அவனுக்கே அது தெரியாது. எதிரே வரும் கப்பலின் இடப்புறம் சிவப்பு, வலப்புறம் பச்சை; அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாதவரிடம் இரவுக் காவலை ஒப்படைக்க முடியாது. நிறக்குருட்டை முன்னரே கண்டறிவதற்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பலநிறக் கம்பளி நூல்களைப் பிரித்து வைக்கச் சொல்லும் சோதனை இருந்தது; பின்னர் அதன் இடத்தில் விளக்குச் சோதனை வந்தது. அவன் அன்று அழுததை நான் பார்த்தேன். பின்னாளில் திருவொற்றியூரில் லேத்துப் பட்டறை வைத்து நன்றாக வாழ்ந்தான் என்பது வேறு. அவனுக்காக விதியைச் சற்றுத் தளர்த்தியிருக்கலாமே என்று எங்களில் சிலர் பேசியதுண்டு. அவன் மட்டும் அப்படி ஒருநாளும் பேசியதில்லை.

அதனால்தான், அந்தத் தாளை விலைக்கு விற்பவர்களைப் பற்றிக் கேள்விப்படும்போது என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. எங்கள் பகுதியில் கப்பல் வேலைக்கு ஆசைப்படும் பிள்ளைகள் ஏராளம்; அவர்களை வலைவீசிப் பிடிக்கும் ஏஜென்டுகளும் உண்டு. என் உறவுக்காரப் பையன் ஒருவன், அவன் தாயின் நகைகளை அடகு வைத்துத் திரட்டிய பணத்தை அப்படி ஒருவரிடம் கொடுத்துப் பயிற்சிச் சான்றிதழ்கள் வாங்கினான். தீயணைப்புப் பயிற்சிக்கு ஒரு தாள், உயிர்காப்புப் பயிற்சிக்கு ஒரு தாள். ஒரு நாள்கூட அவன் எந்தத் தீயையும் அணைத்ததில்லை, எந்த மிதவைப் படகிலும் ஏறியதில்லை. கப்பலேறுவதற்கு முன்பே அவை செல்லாதவை என்று தெரிந்துவிட்டது. பணம் போனதற்காக வீட்டில் எல்லோரும் அழுதார்கள். அவன் அந்தத் தாள்களோடு கப்பலேறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து நான் நடுங்கினேன். இயந்திர அறையில் தீப்பிடிக்கும் இரவில், அந்தத் தாளை நம்பி அவனுக்குப் பக்கத்தில் நிற்பவன் வேறொரு தாயின் பிள்ளை.

கடலில் நடப்பது கடலோடு முடிந்துவிடுவதும் இல்லை. 2017 ஜனவரி 28 அன்று விடியுமுன், எண்ணூர் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே, துறைமுகத்துக்குள் வந்துகொண்டிருந்த இந்தியக் கொடிக் கப்பலும் வெளியேறிக்கொண்டிருந்த மான் தீவுக் கொடிக் கப்பலும் மோதிக்கொண்டன. இரண்டும் முறையாகப் பதிவு பெற்றவை. அடுத்த சில நாட்களில் எர்ணாவூர்க் கரையில் பாறைகளுக்கிடையே கரிய எண்ணெய் குழம்பாகத் தேங்கியது. வாளிகளாலும் வெறுங்கைகளாலும் அதை அள்ளிக்கொண்டிருந்த இளைஞர்களோடு நானும் ஒரு பகல் முழுவதும் நின்றேன். சென்னை மீன் என்றால் வாங்க ஆளில்லாமல் காசிமேட்டில் ஏலம் விழுந்துபோயிற்று. எவர் வழிவிட்டிருக்க வேண்டும் என்பது தேர்வுக் கேள்வியாக மட்டும் இருந்த வரையில் அது மேசைக்கு இருபுறமும் இருப்பவர்களின் காரியம் என்று எண்ணிக்கொண்டிருந்த என் நண்பர், அதாவது அந்தப் பையனின் தந்தை, அந்த ஆண்டில்தான் மகனிடம், படிப்பதானால் ஒழுங்காகப் படி என்று சொல்லத் தொடங்கினார்.

இவற்றையெல்லாம் ஒரு மாலையில் அவனிடம் சொன்னேன். பாட்டனாரின் புத்தகத்தையும் எடுத்துக் காட்டினேன். பெருவிரல் ரேகையை அவன் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "கோட்ட அழிக்க வேணாம் சார், எல்லாருக்கும் ஒரே கோடா இருந்தா போதும்" என்றான். நான் பல இரவுகளாகத் தேடிக்கொண்டிருந்த சொற்கள் அவை.

மறுநாள், நவம்பர் கடைசி வாரம், மொட்டை மாடியின் சிமென்டுத் தளத்தில் சுண்ணக்கட்டியால் சுமைக்குறியை அளவு பிசகாமல் வரைந்தான். வெளிவிட்டம் 300 மில்லிமீட்டர் உள்ள வட்டம், அதன் நடுவே 450 மில்லிமீட்டர் நீளமுள்ள கோடு, கோட்டின் தடிமன் 25 மில்லிமீட்டர். பக்கத்தில் ஏணிப்படிகள்போல வெப்பமண்டலத்துக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று. இன்று எண்ணூரில் சரக்கேற்றும் கப்பல் எந்தக் கோடுவரை அமிழலாம் என்று கேட்டேன். 1966ஆம் ஆண்டுச் சுமைக்கோட்டு உடன்படிக்கை வங்காள விரிகுடாவுக்கு டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை வெப்பமண்டலக் கோட்டையும், மே 1 முதல் நவம்பர் 30 வரை அதற்குக் கீழே உள்ள கோடைக் கோட்டையும் வகுத்திருக்கிறது. மே மாதப் புயலும் ஐப்பசி, கார்த்திகைப் புயலும் வரும் காலத்தில் சுமை குறைய வேண்டும் என்பது அதன் கருத்து. அவன் சரியாகவே சொன்னான்: இந்த வாரம் கோடைக் கோடு, டிசம்பர் முதல் தேதியிலிருந்து இன்னும் சற்று ஆழமாக ஏற்றலாம்.

சொல்லிவிட்டுச் சுண்ணக்கட்டியைக் கீழே வைக்காமல் வடகிழக்கே மேகத்தைப் பார்த்தான். வர்தா புயல் வந்தது 2016 டிசம்பர் 12. மிக்ஜாம் நம் தெருவை மூழ்கடித்தது 2023 டிசம்பர் தொடக்கத்தில். "அப்ப டிசம்பர்ல எப்படி சார் அதிகம் ஏத்தலாம்னு வெச்சிருக்காங்க?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வியைத் தேர்வு முடிந்த பிறகு சர்வேயரிடமும் கேட்கும்படி அவனிடம் சொல்லியிருக்கிறேன்.